செமினியின் பச்சை விளக்கு

தே ஓ கொசோங், வெறும் தேநீர் என்றுதான் கேட்டேன். சீனி போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். பரவாயில்லை இன்ஸ்பெக்டர், குடிக்கிறேன். சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆட்களைப் பார்த்து எனக்கு நெடுநாளாகிறது. உங்கள் இடத்தில் மட்டும் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நானாகத்தான் வந்திருக்கிறேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பிரகலாதன். வீடு பிரிக்பீல்ட்ஸ். வீட்டிலேயே மூச்சு இயந்திரம் வைத்திருக்கும் நோயாளிகளைத் தூரத்திலிருந்து கவனிக்கும் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். போன மாதம் செமினியில் இறந்துபோன பெரியவர் எங்கள் நோயாளி. அவர் எப்படி இறந்தார் என்று கம்பெனி உங்களுக்கு ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறது அல்லவா? அது தப்பு. ஒரு தப்பைக் கண்ணால் பார்த்த பிறகு சும்மா இருக்க எனக்கு வராது.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எளிமையாகவே சொல்கிறேன். எங்கள் மேனேஜர் லியனார்டுக்கே புரியும்படி சொல்லிப் பழகியவன் நான்.

எங்கள் நோயாளிகள் படுக்கும்போதெல்லாம் முகத்தில் ஒரு முகமூடி மாட்டிக்கொள்ள வேண்டும். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும். குழாய் கழன்றுவிட்டால் அவர்களுக்கே தெரியாது. தூக்கம் ஆழமாகிக்கொண்டே போகும், பிறகு எழ மாட்டார்கள். அதனால் குழாய் கழன்ற உடனே இயந்திரம் அலாரம் அனுப்பும். அது முதலில் அந்தந்தப் பகுதிக்கான சர்வருக்குப் போகும். கிள்ளானுக்கு ஒன்று, சுங்கை வேக்கு ஒன்று, செமினிக்கு ஒன்று. எல்லாம் கிளவுடில் இருக்கின்றன, கையால் தொட முடியாது. அங்கிருந்து அலாரம் சர்வர் என்ற பொதுச் சர்வருக்குப் போகும். அது எங்கள் ஆபீசில் மணி அடிக்கும். மணி அடித்தால் பணியில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போன் பண்ணுவாள். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு, பிறகு ஆம்புலன்ஸுக்கு. செமினிக்காரர் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. இரண்டு நிமிட வேலை.

இந்த வழியில் ஒரு இடம் அடைபட்டால் மணி அடிக்காது. ஆகவே வழி திறந்திருக்கிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் தானாகவே தட்டிப் பார்க்கும் சோதனைகளை வைத்திருக்கிறோம். பகுதிக்கு ஒரு சோதனை. பதில் வந்தால் சுவரில் இருக்கும் பெரிய திரையில் பச்சை எரியும், வராவிட்டால் சிவப்பு. எல்லாச் சோதனைகளையும் அமைத்தவன் நான். ஒரு சோதனையில் மூன்று விஷயங்கள்தான் முக்கியம். எங்கிருந்து தட்டுகிறோம், யாரைத் தட்டுகிறோம், எந்த வாசலில் தட்டுகிறோம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரோடு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கிள்ளானிலிருந்து வண்டியை எடுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் பக்கத்து வீட்டிலிருந்து நடந்து வந்து கதவைத் தட்டிவிட்டு, கிள்ளான் ரோடு நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது. இது உங்களுக்குப் புரிகிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. லியனார்டுக்குப் புரியவில்லை.

எனக்கு லியனார்டைப் பிடிக்காது. அதைச் சொல்ல வெட்கமில்லை. அவருடைய தாத்தா தண்டவாளத்துக்கு ஆணி அடித்தவர், என் தாத்தா குமாஸ்தாவாக அந்த ஆணிகளுக்குக் கையெழுத்துப் போட்டவர். அது பழைய கதை, விடுங்கள். ஆனால் ஒரு மண்ணும் தெரியாதவனை எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். நன்றாகச் சிரிப்பார், எல்லார் பிறந்தநாளுக்கும் கேக் வாங்குவார், மேலே இருப்பவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அவர் வந்ததும் போட்ட முதல் உத்தரவு இதுதான். முன்பெல்லாம் பெண்கள் காலையிலும் மாலையிலும் எல்லா வீட்டுக்கும் போன் பண்ணி, நலமா என்று கேட்பார்கள். அது தொந்தரவு என்று சில வீட்டுக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்களாம். இனிமேல் பச்சை எரிந்தால் யாரும் போன் பண்ண வேண்டாம், சிவப்பு எரிந்தால் மட்டும் அந்தப் பகுதியில் வீடு வீடாகப் பண்ணினால் போதும் என்றார். பச்சை எரியும்போது யாருக்காவது சந்தேகம் வந்தால், சோதனைகளை அமைத்தவன் என்பதால் என்னைக் கேட்க வேண்டும், நான் சரி சொன்னால் பண்ணலாம்.

மீட்டிங்கில் நான் எழுந்து சொன்னேன். பச்சை என்றால் சோதனை தட்டிய கதவு திறந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். அது எந்தக் கதவு என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். லியனார்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அண்ணே, நீங்க பழைய ஆளு. எல்லாத்துக்கும் பயம். கிரீன்னா கிரீன் லா."

அறை முழுக்கச் சிரித்தது. மேசைக்குக் கடைசியில் உட்கார்ந்திருந்த பிரெண்டா மட்டும் சிரிக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யும் பொண்ணு, ஊர் கிள்ளான். "பிரகலாதன் அண்ணே சொல்றதுலயும் நியாயம் இருக்கு லா" என்று மெல்லச் சொன்னாள். அவளையும் சிரித்தே அடக்கினார்கள். அடுத்த வாரம் "கிரீன்னா கிரீன்" என்று யாரோ கேக்கின் மேல் பச்சை கிரீமில் எழுதி வாங்கிவந்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

இப்படிப்பட்டவர்களுக்கு வாயால் சொல்லி ஏறாது. நடத்திக் காட்ட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடியும் நேரம், இரண்டு சின்ன மாற்றங்கள் செய்தேன். செமினியின் சோதனை செமினி சர்வரிலிருந்து தட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, அலாரம் சர்வருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சும்மாக் கிடந்த இயந்திரத்திலிருந்து தட்ட வைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து நடந்து வருகிறவன் கதை. பெயர் மாறவில்லை, திரையில் செமினி என்றுதான் இருந்தது. பிறகு செமினி சர்வரை அலாரம் சர்வருக்குள் விடும் அனுமதியை எடுத்துவிட்டேன். திரையில் பச்சை ஒரு கணம்கூட அசையவில்லை. லியனார்ட் கார் சாவியைச் சுற்றிக்கொண்டே அந்தத் திரைக்கு முன்னால்தான் நடந்து போனார். "பாருங்க அண்ணே, எல்லாம் பச்சை. நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றார். போனேன்.

ஏன் செமினி என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்களுக்கு வீடுகள் குறைவு. கிள்ளானை எடுத்திருந்தால் எத்தனை பேர் ஆபத்தில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

வெறும் மாதிரி இயந்திரத்தை வைத்து ஏன் காட்டவில்லை என்றும் கேட்கலாம். காட்டியிருப்பேன். அது டெமோ, நிஜத்தில் இப்படி நடக்காது என்று சொல்லிவிட்டு இன்னொரு கேக் வாங்கியிருப்பார்கள். நிஜமாக இருந்தால்தான் அவர்களுக்குக் கண் திறக்கும். திங்கட்கிழமை மீட்டிங்கில் திரையில் போட்டுக் காட்டி, இதோ உங்கள் பச்சை என்று சொல்லிவிட்டு நானே சரிசெய்வதாக இருந்தேன். ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, செமினிக்கு இன்னொரு சோதனையும் அமைத்தேன். இது சரியானது. சரியான இடத்திலிருந்து, சரியான வாசலில். அது என் கைப்பேசிக்கு மட்டும் வரும். அது வெள்ளி மாலையிலிருந்தே சிவப்பாக எரிந்தது, ஒரு தடவைகூடத் தவறவில்லை. அப்படித்தான் ஒரு சோதனை இருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பசியாறிக்கொண்டிருந்தேன். இடியப்பமும் சொதியும். என் மனைவி ஜெயமாலா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செமினி சர்வரில் நடப்பதையும் என் கைப்பேசிக்கு அனுப்பும்படி வைத்திருந்தேன், அதில் ஒரு செய்தி வந்தது. செமினி சர்வருக்கு ஒரு வீட்டிலிருந்து அலாரம் வந்திருந்தது. அது அலாரம் சர்வரின் கதவைத் தட்டியது. திறக்கவில்லை. திரும்பத் தட்டியது. அந்த இயந்திரங்களை அப்படித்தான் செய்திருக்கிறார்கள், பதில் வரும்வரை தட்டிக்கொண்டே இருக்கும். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல உதாரணமாக இருந்தது. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், மறுநாள் காட்ட உதவும் என்று.

அப்போதுதான் பிரெண்டா கூப்பிட்டாள். ஞாயிறு அவளுக்குப் பணி.

"அண்ணே, சோரி அண்ணே, லீவ் நாள்ல தொந்தரவு பண்றேன். செமினி நாகையா அங்கிள் இன்னும் கூப்பிடல."

எதற்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன்.

"சண்டேன்னா காலையில கூப்பிடுவாரு அண்ணே. நாலு நம்பர் லாட்டரி எடுக்கறதுக்கு முன்னாடி, உன் மனசுல என்ன நம்பர் தோணுதுன்னு கேப்பாரு. ஒரு வாரம்கூட விட்டதில்ல. அவரு மக லோகேஸ்வரி அக்கா காஜாங்ல கல்யாணத்துக்குப் போறேன்னு நேத்தே சொன்னாங்க. தனியா இருப்பாரு. போர்டுல பச்சையாத்தான் இருக்கு, ஆனா எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு. ஒரு தடவ வீட்டுக்கு அடிச்சிப் பாக்கட்டுமா?"

எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. லட்சக்கணக்கில் கொட்டி ஒரு கண்காணிப்பு அமைப்பைக் கட்டி வைத்திருக்கிறோம், இவள் நாலு நம்பரை வைத்து நோயாளியைக் கண்காணிக்கிறாள். அவள் போன் பண்ணிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். திங்கட்கிழமை லியனார்ட் எழுந்து, பாருங்கள், நம் பெண்கள் எவ்வளவு பொறுப்பானவர்கள், சோதனை தவறினாலும் நம்மிடம் ஆள் இருக்கிறது என்று சொல்லியிருப்பார். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். நான் காட்ட நினைத்தது அப்படியே பாழாகியிருக்கும்.

"பச்சை எரியுதா?" என்றேன்.

"எரியுது அண்ணே."

"அப்ப வழி திறந்திருக்கு. அலாரம் வந்தா மணி அடிக்கும். அடிக்கலன்னா அவரு நல்லாத் தூங்குறாரு. எழுப்பித் தொந்தரவு பண்ணாத."

"நிஜமாவா அண்ணே?"

"சோதனைய வெச்சது நான்தானே?"

"நீங்க சொன்னா சரி அண்ணே. இப்பதான் நிம்மதி." ஒரு பெருமூச்சு விட்டுப் போனை வைத்தாள்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதும் அது தட்டிக்கொண்டுதான் இருந்தது. இடியப்பம் ஆறிவிட்டது. நண்பகலுக்குப் பிறகு தட்டுவது நின்றது. மகள் வீட்டுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அதற்கு மேல் வழியைத் திறந்துவைப்பதில் தடையில்லை என்பதால் திறந்துவிட்டேன். சோதனையையும் பழையபடி மாற்றிவைத்தேன். ஒரு வேலையைச் செய்தால் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும்.

திங்கட்கிழமை மீட்டிங் நடக்கவில்லை. லியனார்டுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. செமினிக்குப் போய் அந்த மகளுக்கு முன்னால் நின்று அழுதாராம். நான் கொண்டுபோனதைக் காட்ட யாரும் இடம் தரவில்லை. விசாரணைக்கு வெளியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். கோட்டு போட்டவர்கள். அந்த வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையில் செமினியின் அமைப்பு மாறி, பிறகு திரும்ப மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யார் கணக்கிலிருந்து என்று பார்க்கத் தெரியவில்லை. என் சொந்தப் பெயரில்தான் செய்தேன் இன்ஸ்பெக்டர், எதையும் ஒளிக்கவில்லை. பார்க்கத் தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? லியனார்ட் எங்கேயோ கையை வைத்துவிட்டார் என்று முடிவுகட்டினார்கள். அவரும் பயத்தில், இருக்கலாம், ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அறிக்கையில் ஒரே வரி. கவனக்குறைவால் ஏற்பட்ட அமைப்புப் பிழை.

கவனக்குறைவு. அந்த வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். ஒரே ஒரு பகுதி மட்டும் அடைபட்டு, திரையில் ஒன்றும் தெரியாமல், மற்ற எந்த வீட்டுக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறேன். அதைத் தூக்கி லியனார்ட் பெயரில் கவனக்குறைவு என்று எழுதுகிறார்கள். அந்த ஆளுக்கு ஒரு சோதனையைத் தப்பாக வைக்கக்கூடத் தெரியாது. வழியை அடைத்தது நான். பச்சையை எரியவைத்தது நான். அலாரம் வந்தது எனக்குத் தெரியும், மணி அடிக்காது என்றும் தெரியும், போன் பண்ணட்டுமா என்று கேட்டவளை வேண்டாம் என்று சொன்னதும் நான். இதில் எங்கே கவனக்குறைவு இருக்கிறது?

அந்தப் பெரியவர் பெயரை இன்னொரு தடவை கேட்கிறீர்கள். பிரெண்டா சொன்னாள், முன்பே சொன்னேனே. எனக்கு அது செமினி.

பிரெண்டா வேலையை விட்டுவிட்டாள். கிள்ளானில் அம்மா வீட்டில் இருக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை, அங்கிளைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். என்மேல் அவளுக்குக் கோபமில்லை. போன வாரம்கூடக் கூப்பிட்டாள். "நீங்க பாவம் அண்ணே, போர்டுல இருந்தத வெச்சுத்தானே சொன்னீங்க. என் மனசுதான் சொல்லுச்சே, நான் அடிச்சிருக்கணும்லா" என்று அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். நல்ல பொண்ணு. ஆனால் அவளைத் திரும்ப அந்த வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று கம்பெனியிடம் சொல்லிவையுங்கள் இன்ஸ்பெக்டர். உயிர் சம்பந்தப்பட்ட இடம். அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிறவளுக்குக் கொஞ்சமாவது சந்தேக புத்தி வேண்டும். இவள் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறாள்.