பச்சை ஒயர்

லீலா டீச்சர்: வாம்மா சந்தனமாரி. யூனிஃபார்மோடவே வந்துட்டியா?

சந்தனமாரி: காலை ஷிப்ட் முடிஞ்சு, கம்பெனி பஸ்ஸை விட்டு எறங்கி நேரா வாரேன் டீச்சர். பூஜா என்னமும் பண்ணிட்டாளா?

லீலா டீச்சர்: அவ ஒண்ணும் பண்ணல. பசங்க செஞ்ச இந்த லைட்டு மாடல்தான் பண்ணுது. பேட்டரி, பல்பு, ஒயரு... எல்லாம் கரெக்டாத்தான் கீது. எரிய மாட்டேங்குது.

சந்தனமாரி: அதுக்கா என்னையக் கூப்ட்டீய?

லீலா டீச்சர்: நாளைக்கு ஸ்கூல்ல சயின்ஸ் கண்காட்சிம்மா. பெத்தவங்க எல்லாம் வராங்க. உன் பொண்ணு வேற, "எங்கம்மாதான் கம்பெனில கார் லைட்டெல்லாம் எரிய வைக்குது"ன்னு கிளாஸ் பூரா சொல்லிக்கினு கீறா. மத்தியானம் இது எரியலன்னதும் பசங்க சிரிச்சிட்டாங்க. சோத்தத் தொடல அவ.

சந்தனமாரி: ஐயோ... சாப்பிடலையா? பேட்டரி தீந்திருக்கும் டீச்சர்.

லீலா டீச்சர்: புதுசு.

சந்தனமாரி: அப்போ பல்பு...

லீலா டீச்சர்: மூணு மாத்தியாச்சு. இன்னாமா, கையே வெக்க மாட்டேங்கற? உன் தொழிலாச்சே!

சந்தனமாரி: தொழில்தான்... நீங்க படிச்சவுக. பாத்தாத் தெரியாதா?

லீலா டீச்சர்: நான்... கண்ணாடி எடுத்தாரல.

சந்தனமாரி: தலையில இருக்கே டீச்சர்!

லீலா டீச்சர்: ...சரி, நீ பாரேன்.

சந்தனமாரி: எங்க லைன்ல ஒயரச் சொருகுனா இழுத்துப் பாக்கணும். கையோட வந்துட்டுன்னா ரிஜெக்ட்டு. இழுக்கட்டா?

லீலா டீச்சர்: இழு, இழு.

சந்தனமாரி: இது நிக்கு... இதுவும் நிக்கு... ஆத்தாடி, இது வந்துட்டு!

லீலா டீச்சர்: போச்சுடா!

சந்தனமாரி: இருங்க... முனையப் பாருங்க. பச்சையாவே இருக்கு, உள்ள கம்பியே தெரியல. எங்க லைனுக்கு இப்பிடி வந்தா சூப்பர்வைசரு ட்ரேயோட திருப்பி விட்டுருவாரு.

லீலா டீச்சர்: அடப் பசங்களா... தோலைச் சீவாமயே ஒட்டி வச்சிருக்குதுங்க!

சந்தனமாரி: பிளேடு குடுங்க... ம். இப்ப ஒட்டியாச்சு. ஸ்விட்ச நீங்க போடுங்க.

லீலா டீச்சர்: நீயே போடேன்.

சந்தனமாரி: எரிஞ்சிட்டு! டீச்சர், எரிஞ்சிட்டு!

லீலா டீச்சர்: அப்பாடா... வல்லக்கோட்டை முருகா! பூஜா, ஓடியா!

பூஜா: ஐ! அம்மா, கம்பெனிலயும் தெனம் இப்படித்தான எரிய வைப்ப?

சந்தனமாரி: இரு, இந்தப் பிளேட மொதல்ல டீச்சர்ட்ட குடுத்துருதேன்.

லீலா டீச்சர்: சொல்லேன், கேக்கறா இல்ல?

சந்தனமாரி: இல்ல புள்ள. அம்மா ஒரே ஒரு பச்சை ஒயரத்தான் சொருகுவேன். ஒரு நாளைக்கு எண்ணூறு வாட்டி. அது எந்த லைட்டுக்குப் போகுதுன்னுகூடத் தெரியாது. நாலு வருசத்துல என் கையால எரிஞ்சது இது ஒண்ணுதான்.

பூஜா: அப்ப... எங்க பல்பத்தான் மொதல்ல எரிய வச்சியா? ஹை! நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்வேன்!

சந்தனமாரி: மொதல்ல வந்து சாப்பிடு, வா.

லீலா டீச்சர்: அவசரப்படாதீங்க... பூஜா, அந்த ஸ்விட்ச இன்னொரு தபா போடு. பதினோரு வருசமா இத போர்டுல வரைஞ்சதோட சரி... எரியறத நானும் இன்னிக்கித்தான் பாக்கறேன்.