அண்டா மோரும் அபிராமி அம்மையாரும்

மயில்துத்தத்தின் நீலம் அதனுள் ஒளிந்த நீரால் வந்தது என்று நிறுவியவரே, சூட்டில் அதை வெளுக்கவைத்து, ஒரே சொட்டு நீரில் மீண்டும் நீலமாக்கி, பனியன் கம்பெனி வேலை முடித்து வந்து வகுப்பில் உறங்கிய பிள்ளைகளையும் விழிக்கவைத்த வித்தகரே, வேதியியல் துறைத் தலைவர் அபிராமி அம்மையாரே, தங்கள் பணி நிறைவு நாளில் எங்கள் வணக்கம்.

செம்பின் கறுப்பு ஆக்சைடையும், பச்சைக் கார்பனேட்டையும், அம்மோனியா விட்டால் ஆழ்ந்துபோகும் அந்த நீலத்தையும் அவிநாசிப் பிள்ளைகளுக்கும் பொங்கலூர்ப் பிள்ளைகளுக்கும் முப்பதாண்டு காட்டினீர்கள். "செம்பும் புளிப்பும் சேர்ந்தா உப்பு, அந்த உப்பு உள்ள போனா வாந்தி" என்பது தாங்கள் முதல் வாரத்திலேயே நடத்தும் பாடம். அதைக் கேட்டு வளர்ந்த துறைதான் இது என்றால் அவையோர் நம்பமாட்டார்கள்.

சென்ற மாதம் முன்னாள் மாணவர் கூட்டம். எம் இளைய விரிவுரையாளர் மாதவன், செம்புச் சேர்மங்களை ஆராய்ந்தே முனைவர் பட்டம் பெற்றவர். குன்னத்தூர் வீட்டிலிருந்து ஈயம் பூசாத செம்பு அண்டாவைக் கொண்டுவந்து, "செம்புல வெச்சா ஒடம்புக்கு நல்லதுங்க" என்று கேண்டீன் கருப்புசாமியிடம் கொடுத்தார். தண்ணீருக்குச் சொன்ன பேச்சு மோருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டார். விடியலில் ஊற்றிய மோர், அண்டாவின் களிம்பைக் கரைத்துக்கொண்டு மதியம்வரை புளித்தது.

"ஏனுங்க, மோரு பச்சையா இருக்குதுங்களே" என்றார் விருந்தினர் ஒருவர்.

"மல்லித்தழைங்க. தாராளமா அரைச்சிருக்காரு" என்றார் மாதவன்.

துறை முழுவதும் தலையாட்டிக் குடித்தது. சற்று நேரத்தில் துறை முழுவதும் குரோட்டன்ஸ் செடிகளுக்குப் பின்னால் குனிந்து நின்றது.

மறுநாள் முதல்வர் அறையில், கேண்டீனை வேறு ஆளுக்கு விடலாம் என்று பேச்சு முடியவிருந்தது. கருப்புசாமி துண்டைப் பிசைந்தபடி மாதவனையே பார்த்தார். வேலை இன்னும் நிரந்தரமாகாத மாதவன் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். துறையினர் நாங்கள் மின்விசிறியைப் பார்த்தோம்.

தாங்கள்தாம் எழுந்தீர்கள். "அண்டா எங்க டிபார்ட்மெண்டுதுங்க. பாடம் எடுக்கறவ நானே ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சேன், கருப்புசாமிய என்னங்க சொல்றது? எம்மேல எழுதிக்குங்க. அடுத்த மாசம் போறவதானே."

அதன்பிறகே மாதவனுக்கு நாக்கு அசைந்தது. "அண்டா என்னுதுங்க. ஊத்தச் சொன்னதும் நானுங்க."

கேண்டீன் கருப்புசாமியிடமே நிலைத்தது. மாதவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எங்களுக்கு அதுவும் வரவில்லை. வந்திருந்தால் தங்கள் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் தெம்பாவது இருந்திருக்கும்.

அறிவில் ஆழ்ந்தவரே, அன்பில் அகன்றவரே, வயிறும் வாழ்வும் கலங்காமல் நெடுநாள் நலமுடன் வாழ்க. இம்மடலைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். எங்கள் வெட்கமும் கூடவே தொங்கட்டும்.

இன்றைய விருந்திலும் மோர் உண்டு, எவர்சில்வர் வாளியில். கருப்புசாமி சொன்ன நிபந்தனை ஒன்றே: "மொதல் டம்ளர் மாதவன் சார் குடிக்கோணுங்க. அரை மணி நேரம் பாத்துட்டுத்தான் மேடத்துக்கு." மேடைக்குக் கீழே டம்ளருடன் நிற்பவர் மாதவன்தான்.

இங்ஙனம்,
கருப்புசாமி, கேண்டீன்
அவருக்குக் கீழே,
வேதியியல் துறையினர்