வலைமேல் விழுந்த நிழல்

அந்தக் காலத்தில் ராயபுரத்தில் திருவொற்றியூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் எதையும் உரக்கத்தான் பேசுவார்கள். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற மீன்காரம்மா, பெட்டிக் கேமராவைத் தோளில் மாட்டியிருந்தவரிடம் சொன்னதைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அந்த நெழல மட்டும் எனக்குப் பெரிசா போட்டுக் குடு நைனா.”

“எந்த நெழலு?”

“கரையில காயற வலைய எடுத்தியே, அந்தப் படத்துல கீது. எங்க வூட்டுக்காரரு நெழலு. தெனம் பாக்குற வலைய இவன் இன்னாத்துக்குப் புடிக்கிறான்னு அன்னிக்கு சிரிச்சோம்.”

“அவரத்தான் கூப்ட்டும் வரலியே?”

“போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு ஓரமா ஒதுங்கிக்கினாரு. வெயிலு அவரு நெழல வலைமேல தள்ளிக்கீது.”

ஐப்பசிப் புயலில் திரும்பி வராத கட்டுமரங்களைப் பற்றி வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“அதுல மூஞ்சி தெரியாதேம்மா. வெறும் கறுப்பாத்தான் இருக்கும்.”

“மூஞ்சி எனக்குத் தெரியும்பா. இடுப்புல கைய வச்சிகினு நிப்பாரு பாரு, அதான் நாளாவ நாளாவ மறந்துகினே வருது.”