ஏழாம் எண்ணுக்குப் பாஸ்

மார்ச் பதினோராம் தேதி பிற்பகல் இரண்டரை மணிக்கு, எங்கள் நுகர்வோர் இதழின் மூன்றாம் மாடியில், கடைகளில் வாங்கிய பதினான்கு வகைக் கொம்புச்சா பாட்டில்களின் லேபிள்கள் வெந்நீரில் ஊறவைத்து உரிக்கப்பட்டன. உரித்தது நான். பெயரைப் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும் என்பதால் எதையும் அப்படித்தான் ருசி பார்ப்போம். பெயர், விலை, தேதி, எச்சரிக்கை எல்லாம் கூழாகிச் சாக்கடைக்குப் போகும். பாட்டிலில் ஓர் எண் மட்டும் மிஞ்சும்.

கொம்புச்சா என்பது சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்க வைத்த பானம். அதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. நல்லதாக அமைந்தால் காடி வாசனையும் ஆப்பிள் புளிப்பும் சேர்ந்து வரும். கடைசியில் தேயிலையின் துவர்ப்பு நாக்கோரத்தில் நிற்கும். அந்தப் பதினான்கில் பத்து வெறும் சர்க்கரைத் தண்ணீர். மூன்றாம் எண்ணை வாயில் வைத்த எங்கள் வேதியியல்காரி, "பாட்டில் கழுவின தண்ணியையே மறுபடி அடைச்சிட்டாங்க போல," என்றாள். அவளிடம் இருந்த பட்டியலின்படி, 'குடலுக்கு நல்லது' என்று அச்சடித்திருந்தவை ஒன்பது. அவற்றில் எட்டில் நுண்ணுயிர் ஒன்றுகூட உயிரோடு இல்லை, சூடாக்கிக் கொன்றிருந்தார்கள். ஏழாம் எண் மட்டும் சொன்னபடி இருந்தது. முந்தின வாரமே கிருமி வளர்க்கப் போட்டிருந்த சோதனைத் தட்டைத் தூக்கிக் காட்டி, "இதுல ஒரு ஊரே குடியிருக்கு," என்றாள். அதனால் உடம்புக்கு நன்மை உண்டா என்றால், ஆதாரம் போதாது என்றுதான் எழுதினேன்.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். எட்டு வருடங்களுக்கு முன் அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். புதிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை நாளுக்கு இருமுறை விழுங்க வேண்டும். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னது ஒரே வாக்கியம்: "உயிரோட இருக்கற கிருமி எதுவும் அவங்க வயித்துக்குள்ள போகக் கூடாது." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் இருபது நிமிடம் கொதித்தது. காய்கள் குழைய வெந்தன. பழங்களும் வெந்தன. இரண்டு சமையல் செய்யத் தெம்பில்லாததால் நானும் அதையே சாப்பிட்டேன். பகலெல்லாம் கடை கடையாக வந்த ருசிகளுக்கு மார்க் போட்டுவிட்டு, மாலையில் வெந்த பூசணியை மென்றேன்.

வெளியிலிருந்து எது வந்தாலும் அக்கா முதலில் என்னிடம் நீட்டுவாள். நான் மோந்து, ருசித்து, "பாஸ்" அல்லது "ஃபெயில்" என்பேன். ஃபெயில் என்றால் மறுபேச்சில்லாமல் குப்பைக் கூடை. "ராஜாவுக்குத்தான் முன்னாடி தின்னு பாக்க ஆள் இருப்பான். எனக்கும் ஒரு அடிமை வாய்ச்சிருக்கு, நாக்குதான் கொஞ்சம் நீளம்," என்பாள். இருவரும் சிரிப்போம். அவள் கெட்டவள் இல்லை; இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு வந்த இரண்டு வரன்களையும் முடிக்கச் சொல்லி அவள்தான் மல்லுக்கட்டினாள். நான்தான் வேண்டாம் என்றேன். தண்ணீரை யார் கொதிக்க வைப்பது?

எனக்குக் கோபம் வந்திருந்தால் ஒரு நாள் கத்தித் தீர்த்திருப்பேன். அலுப்புக்கு வாய் கிடையாது.

ஏழாம் எண்ணில் பன்னிரண்டு பாட்டில்கள் மிச்சமிருந்தன. மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போவது அலுவலக வழக்கம். வேதியியல்காரி ஷாம்பு எடுப்பாள். குளிர்பெட்டியில் இடமில்லாததால் பாட்டில்களைச் சமையலறை ஜன்னலோரம் அடுக்கினேன். வெயில் பட்டால் புளிப்பு இன்னும் கூர்மையாகும் என்பதும் எனக்குத் தெரியும். பதினாறாம் தேதி மாலை முதல் பாட்டிலைத் திறந்தபோது அது உஸ்ஸென்று பொங்கிக் கையெல்லாம் வழிந்தது.

"என்னடா இது, இவ்ளோ கோபமா இருக்கு?" என்றாள் அக்கா.

"கொம்புச்சா. டீயைப் புளிக்க வெச்சது."

"எனக்கு ஆகுமா?"

"பதினாலுல இதுதான் முதல்."

"அளக்காதே. பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்," என்றேன்.

ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "எட்டு வருஷம் கழிச்சு வாயில என்னமோ நடக்குதுடா. இதையா இத்தனை நாளாத் தனியா அனுபவிச்சே, திருட்டுப் பயலே?" அவள் முகம் அப்படி மலர்ந்து பார்த்து நாளாகியிருந்தது. அந்த மலர்ச்சியைக் கொடுத்தவன் நான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நியாயம்.

தினம் ஒன்று கொடுத்தேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமாடா?" என்றாள். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன், அதற்கடுத்த நாளும். மீதி மூன்று பாட்டில்களையும் அவளேதான் கேட்டு வாங்கிக் குடித்தாள். காய்ச்சல் வாய்க்கு அது ஒன்றுதான் பிடித்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது. என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். வெந்த பூசணி என்றேன்; அதையும் சாப்பிட்டிருந்தாள். முப்பதாம் தேதி காலை எட்டு இருபதுக்கு இறந்தாள். வீட்டுக்கு வந்ததும் குழாயில் தண்ணீர் பிடித்து அப்படியே குடித்தேன்.

நேற்று உங்களிடம் இதைச் சொல் தடுமாற்றம் என்றேன். அலுவலகத்தில் 'பாஸ்' என்றால் பாட்டில் தேறியது. வீட்டில் 'பாஸ்' என்றால் அக்கா குடிக்கலாம். ஒரே நாக்கு, இரண்டு இடம், பழக்கதோஷம். அதை நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். இன்று காலை ஏப்ரல் இதழை என் முன்னால் விரித்து வைத்தீர்கள். சுவையில் ஏழாம் எண்ணுக்கு முதலிடம். கட்டுரையின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் இதை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது.'

அந்த வரியை எழுதி ஆசிரியரிடம் கொடுத்தது நான். கொடுத்தது மார்ச் பன்னிரண்டாம் தேதி. பாட்டில்களை வீட்டுக்கு எடுத்துப் போனது பதின்மூன்றாம் தேதி.