பதினோராவது திறப்பு

கணினியைத் துணியால் மூடி வைப்பது நல்லது. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. எங்கள் ஊரான சரவணையில் இதை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் குறைவு. இப்போது கேட்பதற்கு ஆட்களே குறைவு.

எங்கள் ஒழுங்கையில் பன்னிரண்டு வீடுகள். பத்து வீட்டுக்காரர் வெளிநாட்டில். அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தந்துபோன திறப்புகள் என் அலுமாரிக்குள் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை போய்க் கூட்டி, யன்னல் திறந்து, காற்றுப் பிடிக்கவிட்டு வருவேன். அப்படியே அலுமாரிகளையும் பார்ப்பதுண்டு. கறையானுக்காகத்தான். கறையான் முதலில் கடதாசியில்தான் பிடிக்கும், ஆகவே கடிதங்களையும் பார்ப்பேன்.

கடைசியாகப் போனது றஞ்சனி அக்கா, லண்டனில் மகளிடம். திறப்பைத் தரும்போது, "நீர் நிக்கிறீர்தானே யசோ, பிறகென்ன. நீர் எங்கை போகப்போறீர்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மிச்சம் இரண்டு வீடு. ஒன்று என்னுடையது. மற்றது கஜானியுடையது.

கஜானிக்கு முப்பது வயது. கணவன் சசிகரன் கனடாவில் ஓர் உணவகத்தில் சமைக்கிறான். கலியாணம் முடிந்த பத்தொன்பதாம் நாள் போனவன், நான்கு வருடத்துக்கு மேலாகிறது. அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் ஒருமுறை திரும்பிவிட்டது. உண்மையான கலியாணம்தானா என்று அங்கே சந்தேகப்பட்டார்கள். இரண்டாம் முறை நான்கு வருடத்து ஆதாரமும் கேட்டார்கள். கலியாண வீடியோ, படங்கள், இருவரும் பேசிய பதிவுகள், எல்லாம் பத்தாம் திகதிக்குள் போக வேண்டும்.

அவற்றை ஒரே இடத்தில் சேர்க்கச் சொன்னது நான்தான். அவளுடைய கணினிக்குள் இரண்டாவது டிஸ்க் ஒன்றைப் பூட்டி, ஃபோனில் இருந்ததையெல்லாம் அதற்கு மாற்றிக் கொடுத்தேன். ஃபோனில் இடமில்லாததால் அங்கே அழித்தோம். சசிகரன் மூன்று ஃபோன் மாற்றியவன், அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. கலியாணப் படம் எடுத்த கடையும் மூடிப்போயிற்று. அப்போது என் மனதில் ஒரு கள்ளமும் இல்லை.

பிறகு கணினி படுத்துவிட்டது. திறந்தால் பாதியில் நிற்கும். அதிலும் என் கை இல்லை. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பித்தவள் நான், ஊருக்கே ரீச்சர். வேறு யாரிடம் தூக்கிக்கொண்டு போவாள்? விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும், இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றேன். அந்த இரண்டு நாளில் முதலில் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தேன். டிஸ்கில் இருந்ததைக் கொஞ்சம் பார்க்கவும் செய்தேன். என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒன்றைப் பாதுகாக்க ஏலாது.

சசிகரன் நல்ல பகிடிக்காரன். ஒரு பதிவில் வெங்காயம் வெட்டியபடியே பேசுகிறான். கஜானி சொல்கிறாள்: "அங்கை வந்திட்டன் எண்டால் ரீச்சரின்ரை விசாரணை இல்லை. என்ன கறி, ஆர் வந்தது, என்னத்துக்கு வந்தது. மதிலுக்கு மேலாலை தலை முளைக்கும்."

"அவ உம்மடை வீட்டுத் திறப்புக்குத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா" என்கிறான் அவன். "பதினோராவது. பிளாஸ்டரிலை பேரும் எழுதி வைச்சிருப்பா."

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவனுக்கு வெங்காயத்தாலும் இருக்கலாம். எனக்குக் கோபமில்லை. ஆனால் பிளாஸ்டரில் கஜானியின் பெயரையும் எழுதி வைத்திருந்தது உண்மை. அதை அவன் எப்படி அறிந்தான் என்றுதான் யோசித்தேன்.

மறுநாள் பின்னேரம் கஜானி வந்தாள். யூடியூப்பில் பார்த்துப் படித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ரீச்சர், விண்டோஸ் போட முதல் மற்ற டிஸ்கைக் கழட்டவேணுமாமே?"

கெட்டிக்காரி. அதுதான் சரி. கழற்றிவிட்டால் கை தவறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

"கழட்டிப் பூட்டேக்கை பின் வளைஞ்சுதெண்டால் அதுதான் ஆபத்து, பிள்ளை" என்றேன். "அது கிடக்கட்டும். இதிலை இரும். உம்மடை கணினிக்கு நீரே போட்டுப் பழகும். நாளைக்கு அங்கை நான் வரமாட்டன்தானே."

அவள் சந்தோஷமாக இருந்தாள். திரையில் இரண்டு டிஸ்க்கும் வந்தன. இரண்டும் ஒரே அளவு. பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.

"எது ரீச்சர்? சைபரோ, ஒண்டோ?"

"ஒண்டு."

"வடிவாத் தெரியுமோ?"

"நான் படிப்பிச்ச பாடமெல்லே."

அவள்தான் ஒன்றை அழுத்தினாள். ஆதாரமெல்லாம் இருந்ததும் அதில்தான். கணினி ஒருமுறை எச்சரித்தது. அதற்கும் ஓம் என்று அவளே அழுத்தினாள். என் கை மடியில் இருந்தது. விண்டோஸ் போட்டு முடிந்ததும், டிஸ்க் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, என்னிடமிருந்த பழைய பாடங்களையும் படங்களையும் அதில் நிரம்பும்வரை ஏற்றினேன்.

அதனால்தான் யாழ்ப்பாணத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் றெக்ஷனாலும் ஒன்றையும் மீட்க முடியவில்லை. நானும் கூடவே போயிருந்தேன். "அழிஞ்சதுக்கு மேலாலை எழுதியாச்சு, அக்கா. இனி ஏலாது" என்றான். திரும்பிவரும் பஸ்ஸில், பண்ணைப் பாலத்தில், இரண்டு பக்கமும் கடலாக இருந்தது. "என்ரை கையாலை செய்தது, ரீச்சர்" என்றாள் கஜானி. "பிழை ஆருக்கும் வாறதுதானே. விடும் பிள்ளை" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பத்தாம் திகதி போய் எட்டு மாதமாகிறது. விண்ணப்பம் மறுபடியும் திரும்பியது. சசிகரன் முன்பு தினமும் ஃபோன் எடுப்பான், பிறகு ஞாயிறு மட்டும். "வர விருப்பமில்லை எண்டால் வாயாலை சொல்லியிருக்கலாம். அதுக்கு அழிக்கவேணுமே" என்று அவன் கேட்டது மதிலுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. இப்போது ஞாயிறும் இல்லை. கஜானி என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். சாப்பிடும்போது சில நேரம் தன் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் அவளைக் கட்டி வைக்கவில்லை. பஸ் காலையும் பின்னேரமும் போகிறது.

நான் எதையும் அழிக்கிறவள் அல்ல. பிரதி எடுக்காமல் எந்த டிஸ்கையும் தொடக்கூடாது என்று இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவள், நானே எடுக்காமல் விடுவேனா? றஞ்சனி அக்கா வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு நடுவில், உப்புக்காற்றுப் படாமல் அந்தப் பிரதியைச் சுற்றி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை கூட்டப் போகும்போது மடிக்கணினியில் செருகிப் பார்ப்பேன். கலியாண வீடியோ, வெங்காயம், சிரிப்பு, ஒன்றும் பழுதாகவில்லை.

வேறு பிரதி இருக்கிறதா என்று அவள் கேட்டிருந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பேன். அவள் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை.