நல்ல அப்பனுக்குப் பொறந்திருந்தா

ஹலோ... ஆமா, நான்தான். மெதுவாப் பேசு, காது நல்லாத்தான் கேக்குது... எழுதினேன். ஆமா, ஆமா, அதையும் நான்தான் எழுதினேன். ஏன், எழுதக் கூடாதா?

... அழிக்கறதா? எதுக்கு? ஒம்பது நாளா இன்டர்நெட்ல ஊரே கூடி நின்னு நீ வரைஞ்ச கப்பலை மிதிக்குது, நான் வாயை மூடிட்டு உக்காந்திருக்கணுமா? கம்ப்யூட்டர் விளையாட்டு இன்னும் விற்பனைக்கே வரலை. ரெண்டு நிமிஷ முன்னோட்டம் விட்டாங்க, அவ்வளவுதான். அதுக்குள்ள ஒருத்தன் சோப்பு டப்பாங்கறான். ஒருத்தன் குளியல் தொட்டியில மிதக்கற பொம்மைங்கறான். இன்னொருத்தன், விண்வெளியில நடக்கறது போரா, பிறந்தநாள் விழாவான்னு கேக்கறான். அதுக்கு எட்டாயிரம் பேரு கை தட்டறான்.

... ரசிகர்களா? யாரும்மா ரசிகன்? முதல் பாகத்தைப் பத்து வருஷமா விளையாடினானாம், அதனால இவன் சொல்ற மாதிரிதான் கப்பலை வரையணுமாம். பத்து வருஷம் பஸ்ல போனவன் டிரைவர் சீட்ல வந்து உக்காருவானா?

... சரி. சரி, கத்தலை.

... இல்ல, கெட்ட வார்த்தை ஒண்ணு கூட எழுதலை. நம்ம வீட்டுப் பழக்கமா அது? ஒவ்வொண்ணுக்குக் கீழயும் என் முழுப் பேரு போட்டேன். ஓய்வு பெற்ற கப்பல் பரிசோதகர், துறைமுகத்தில் முப்பத்தோரு வருட அனுபவம், இந்தக் கப்பல்களை வரைந்தது என் மகள், அப்படின்னு போட்டேன். அவனுங்க பேரைப் பாரு. முட்டைக்கண்ணன், லேசர் மாமா, பழைய துரு. பெத்தவங்க வெச்ச பேரா இதெல்லாம்?

... ஆமா, துருவைத்தான் சொல்றேன். அவனுக்குத்தான் திமிரு ஜாஸ்தி. மத்தவன் கிண்டல் பண்ணிட்டுப் போயிடறான், இவன் வகுப்பு எடுக்கறான். போருக்குப் போயிட்டு வந்த கப்பல்ல ஒரு ஒட்டுத் தகடு கூட இல்லையேங்கறான். சரக்கு ஏத்தற பக்கம் பெயின்ட் தேஞ்சிருக்க வேண்டாமாங்கறான்... சரியாத்தான் சொல்றான். சரியாச் சொன்னா ஆச்சா? முகத்தை மூடிட்டுச் சொல்றானே. அதான் கேட்டேன், நல்ல அப்பனுக்குப் பொறந்திருந்தா சொந்தப் பேர்ல வான்னு. நாலாயிரம் பேரு சபாஷ் போட்டிருக்கான், பாத்தியா?

... உங்க கம்பெனியா? நான் எழுதினதை எடுத்து நாளைக்கு அவங்க பக்கத்துலயே போடறாங்களா? நல்லதுதானே... அதுக்கா அழிக்கச் சொல்றே? புரியலையே.

இரு, உங்கம்மா எட்டிப் பாக்கறா... நம்ம பொண்ணுதான். முடிச்சுட்டுத் தரேன், கதவைச் சாத்து... ம், சொல்லு.

... யாரு?

... திரும்பச் சொல்லு.

... நீயா. அந்தத் துரு நீயா.

... உன் வேலையை நீயே எதுக்குத் திட்டறே?... உன் வேலை இல்லையா?... ம்... ம்... நூறு கப்பலை ஒரே நேரத்துல மேலேருந்து பாத்து ஆடற ஆட்டம், எது தன் படை, எது எதிரிப் படைன்னு பளிச்சுனு தெரியணும்... சரி... அதனால உன்னைக் கேக்காமலே ஆரஞ்சும் ஊதாவும் அடிச்சு, தகடு, கீறல் எல்லாத்தையும் வழிச்சுட்டு... உன் பேரை மட்டும் விட்டு வெச்சுட்டாங்க. நாளைக்கு நான் எழுதினதைக் காட்டி, நீ வரைஞ்சதுதான்னு சாதிப்பாங்க. ம்.

அதை நேரா நின்னு சொல்ல வேண்டியதுதானே?... மூணு தடவை சொல்லியும் அவங்க கேக்கலையா?

... அப்போ ஒம்பது நாளா நான் மல்லுக்கட்டினது உன்கூட. சிரிக்காதே. நாலாயிரம் பேருக்கு முன்னாடி, நல்ல அப்பனான்னு என்னை நானே கேட்டிருக்கேன். இதுல என்ன சிரிப்பு?

... ஒண்ணு சொல்றேன், உங்கம்மாகிட்ட கூடச் சொல்லலை. முதல் தடவை பாத்தப்போ எனக்கும் சோப்பு டப்பா மாதிரிதான் இருந்துச்சு... ஆமா. ஆமா, பிடிக்கலைதான். அதுக்காகக் கண்டவன் சொல்ல விடுவேனா?

... இல்ல, அழிக்க மாட்டேன். இந்தக் கப்பல் கடலுக்குப் போகத் தகுதியில்லைன்னு ஒரு தடவை கையெழுத்துப் போட்டா, முதலாளி வந்து நின்னாலும் மாத்தினவன் இல்லை நான். எழுதினது எழுதினதுதான்.

... தெரியுது. வெளியில பேசினா வேலை போயிடும். ஒப்பந்தத்துல அப்படி இருக்கு. நீ என்னதான் நினைக்கறே, அதைச் சொல்லு.

... எழுதியே வெச்சுட்டியா? படி.

... ம்... 'இந்தக் கப்பல்கள் நான் வரைந்தவை அல்ல.' ம்... நல்லா இருக்கு. ஒரு வார்த்தை கூட அதிகமில்லை. கீழ பேரு?... வெறும் பேரா? இனிஷியல் எங்கே?

... என்னை இதுல இழுக்க வேண்டாம்னு பாத்தியா? சொந்தப் பேர்ல வரச் சொன்னது யாரு? நான் கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்றே? போடு. முதல் எழுத்து என்னுது.

... போட்டாச்சா?

அனுப்பு. நான் வைக்கிறேன்.