லைன் வளைஞ்ச இடம்

இல்லைங்க, எர்மினியா அத்தை வீட்டுலேருந்து யாரும் உங்களுக்கு ஆள் அனுப்பல. நாந்தான் அனுப்புனேன். தப்பு பண்ணவளே தூது பேசுறவரைக் கூப்பிடுறது நம்ம ஆளுங்ககிட்ட வழக்கமில்லைன்னு எனக்கும் தெரியும். பாதிக்கப்பட்டவங்கதான் உங்களை அனுப்பணும். நீங்க தொப்பியும் கைத்தடியுமா வந்து, உன்மேல இன்ன பிராது இருக்கு, என்ன பதில் சொல்றேன்னு கேக்கணும். ஆனா அவங்களுக்குத்தான் இன்னும் விஷயமே தெரியாதே. அதான் நானே கூப்பிட்டேன். உக்காருங்க. அந்தத் தூளி ஊஞ்சல்ல உக்காருங்க, கயிறு கெட்டியாத்தான் இருக்கு.

உங்க மாமா வருவாருன்னு பாத்தேன். ஓ, கண்ணு தெரியறதில்லையா இப்ப. சரிதான், தாய்மாமன் பேச்சுத் தொழில் மருமகனுக்குத்தானே வரணும். கோவிச்சுக்காதீங்க, நீங்க என்னைவிட ஒரு அஞ்சாறு வயசு சின்னவராத்தான் இருப்பீங்க. தம்பின்னு வாயில வருது. ஆனா இன்னிக்கு ஐயான்னே கூப்பிடுறேன். தம்பிகிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆமாங்க, அந்த அழுகைச் சத்தம் அங்கேருந்துதான். நாலு நாளா கேக்குது. வெயில் தாழ அத்தைக்கு அடக்கம். அதுக்குள்ள நீங்க அங்க போய்ப் பேசியாகணும், அதான் விடியக்காலையிலயே ஆள் அனுப்புனேன். நான் அழப் போகலையான்னா கேக்குறீங்க? முதல் நாள் போனேன். முகத்தைத் துணியால மூடிக்கிட்டுதானே அழுவோம், ஒருத்தருக்கும் தெரியல. எனக்குக் கண்ணுல தண்ணியே வரல. சத்தம் மட்டும் போட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்குமேல அந்தப் பக்கம் தலை காட்டல. என் பெரியவளுக்குக் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன். பெரியவ இதோ ஆடு பத்திக்கிட்டுத் திரியிறா, நல்லாத்தான் இருக்கா.

கொஞ்சம் முன்னாலேருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு அங்க பேச வரும். நாங்க எல்லைக்கு அந்தப் பக்கம், மராகைபோ நகரத்துலேருந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு. நானும் மூணு புள்ளைங்களும். நான் ஹுசாயு குலம், ஆனா எங்கம்மா சின்னப் புள்ளையிலயே நகரத்துக்குப் போய்ட்டா, நான் பொறந்தது வளந்தது எல்லாம் அங்கதான். அங்க சோத்துக்கே வழியில்லைன்னு ஆனப்ப இந்தப் பக்கம் கிளம்பி வந்தோம். சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தரும் கெடைக்கல. எர்மினியா அத்தை இபுவானா குலம், நமக்கு ஒட்டுமில்ல உறவுமில்ல. அவங்கதான் இந்த மேட்டைக் காட்டி, கம்பு நட்டுக்கோன்னாங்க. தண்ணிக்கு எங்க குட்டைக்கு வா, கேக்கணும்னு இல்லைன்னாங்க. குடிசை போட கள்ளிக் கட்டையைக்கூட அவங்க மகன்தான் வெட்டிக் கொடுத்தான்.

அப்புறம்தான் இந்த லைன் வந்துச்சு. வடக்கே காத்தாடி நடுறாங்கல்ல, அந்தக் கரன்டை நகரத்துக்குக் கொண்டுபோற பெரிய லைன். ஆமா, நம்ம தலைக்கு மேலயேதான் போகும். நமக்கு ஒரு பல்பு கெடையாது. போன் சார்ஜ் போட இன்னமும் உரிபியா டவுனுக்குத்தான் ஓடுறோம். அதை விடுங்க. கம்பெனிக்காரங்க ஊர் ஊரா வந்து கூட்டம் போட்டாங்க. பாபியான்னு ஒரு இஞ்சினியர், வெயில்ல மூக்கு உரிஞ்சு போன பையன். படத்தைத் தரையில விரிச்சு நாலு மூலைக்கும் கல்லு வச்சான். படத்துல லைன் நேரா வந்துச்சு, டவர் டவரா செவப்புப் புள்ளி. ஒரு புள்ளி சரியா இந்த மேட்டு மேல. என் அடுப்பு மேலன்னே வச்சுக்கோங்க.

கூட வந்த யாமிலேங்கிற பொண்ணு ஒவ்வொருத்தரா எழுதுனா. உங்க நிலம் எது, உங்க கல்லறை எங்க இருக்குன்னு கேட்டா. வேற என்ன கேப்பா, நம்மகிட்ட பத்திரமா இருக்கு? மாமன்மாருங்க எலும்பு எங்க கெடக்கோ அதுதானே நம்ம பத்திரம். எல்லாரும் கையை நீட்டி நீட்டிக் காட்டுனாங்க. என் முறை வந்துச்சு. உங்க ஆளுங்க யார் இங்க இருக்காங்கன்னு கேட்டா. ஒதீலியா, அத்தையோட மூத்த மக, அவதான் பின்னாலேருந்து, இவ ஆளுங்க எல்லாம் மராகைபோ சிமென்ட்டுக்குள்ள இருக்காங்கன்னா. கூட்டமே சிரிச்சுது. அத்தை மட்டும் சிரிக்கல. யாமிலே என் பேருக்கு நேரா குடியிருப்பவர்னு எழுதுனா. உரிமைக்காரர்னு எழுதல. குடியிருக்கிறவங்களுக்குப் பேச்சு கெடையாது, எழுப்பிவிட்டா எழுந்து போகணும். என் புள்ளைங்க அங்கதான் நின்னு கேட்டுக்கிட்டிருந்துச்சுங்க.

அந்தச் சிரிப்பு எனக்கு அடங்கல ஐயா. அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாசம் இருந்துச்சு. அத்தைகிட்ட போய், எங்கம்மா எலும்பை எடுத்துட்டு வந்துடுறேன்னேன். அவங்க உடனே, போ, புள்ளைங்களை நான் பாத்துக்கிறேன்னாங்க. போனேன். அஞ்சாம் நாள் வெள்ளைத் துணி மூட்டையோட வந்து இறங்குனேன். அங்கேயே கழுவிக் கட்டிட்டேன்னு சொன்னேன். அத்தை ஓடி வந்து மூட்டையை என் கையிலேருந்து வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. அவங்க எங்கம்மாவைப் பாத்ததே இல்லைங்க. ஆனா அன்னிக்கு அவங்க அழுத அழுகை, கூடப் பொறந்தவளுக்குக்கூட யாரும் அப்படி அழுது நான் பாத்ததில்ல. ஊரே வந்துச்சு. ஒதீலியாவும் வந்தா, என் காலடியில உக்காந்து அழுதா. சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோன்னா. இதோ, குடிசைக்குப் பின்னால தெரியுது பாருங்க, வெள்ளையடிச்சது. ரொசேந்தா ஹுசாயுன்னு ஆணியால நானே எழுதுனேன்.

தப்பு இல்லைன்றீங்க. தாயார் எலும்பைக் கொண்டாந்து நிலத்துல வைக்கிறது யாரும் செய்யறதுதான்றீங்க. கேளுங்க, இன்னும் முடிக்கல.

அடுத்த கூட்டத்துக்கு பாபியான் வந்தான். கல்லறை இருக்கிற இடத்துல டவர் நடக்கூடாதுன்னு ஒப்பந்தம், கிட்டக்கூட வரக்கூடாது. லைனை வளைக்கணும்னான். பென்சிலை எடுத்து வளைச்சான். வளைச்ச கோடு எங்க போய் விழுந்துச்சு தெரியுமா? அத்தையோட குட்டைக் கரையில. அவங்க மாமன்மாருங்க கையால தோண்டுன குட்டை. வேற பக்கம் வளைக்க முடியாதான்னு அவங்க மகன் சண்டை போட்டான். வேற பக்கம் போனா இன்னும் ரெண்டு கல்லறை குறுக்கே வருதுன்னான் பாபியான். எல்லாரும் அத்தை முகத்தைப் பாத்தாங்க. நானும் பாத்தேன். அவங்க ரொம்ப நேரம் யோசிக்கல. குட்டையை வேற எடத்துல தோண்டிக்கலாம், ஒரு தாயைத் தூக்கித் தூக்கி அலைக்கழிக்க முடியுமா, இப்பத்தான் அவ வந்து படுத்திருக்கான்னாங்க. சொல்லிட்டுக் கட்டை விரலை மையில வச்சு அழுத்துனாங்க.

அப்ப நான் வாயைத் திறந்திருக்கணும். திறந்தேன். காப்பி ஆறுது, எல்லாரும் எடுத்துக்கோங்கன்னேன்.

மண்ணைத் துளை போட்டுப் பாக்குற வண்டி வரணும்னு குட்டைக் கரையை உடைச்சு வழி போட்டாங்க. அந்த வருஷம் பெஞ்ச மழை அந்த வழியா ஓடியே போச்சு. டவர் இன்னும் நடல பாருங்க, குச்சியும் செவப்பு ரிப்பனும்தான் நிக்குது, குட்டை அதுக்குள்ள செத்துப் போச்சு. அவங்க ஆடுங்க பாதிக்கு மேல போச்சு. எனக்கு உரிமைக்காரின்னு கம்பெனி இந்தக் கறுப்புத் தண்ணித் தொட்டியைக் கொடுத்துச்சு, மேல என் பேர் எழுதியிருக்கு பாருங்க. வாரத்துக்கு ஒருதடவை லாரி வந்து ரொப்பும். ஒதீலியாவோட சின்னப் பொண்ணு கேனைத் தூக்கிக்கிட்டு என் வாசலுக்கு வரும், அக்கா கொஞ்சம் தண்ணின்னு. நான் கேன் நெறயப் புடிச்சுக் கொடுப்பேன். அது தேங்க்ஸ் அக்கான்னு சொல்லும். அந்த வார்த்தையைக் கேக்கக் கூடாதுன்னே லாரி வர்ற அன்னிக்கு நான் பொழுதோட எங்கயாவது போயிடுவேன்.

குட்டைக்கு ஈடு கொடுக்கணும்னா பேசி முடிச்சிடலாம்றீங்க. குட்டைக்காக உங்களைக் கூப்பிடலைங்க. அதுவும் என் தலையிலதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்காகன்னா இன்னிக்கு இவ்வளவு அவசரமா கூப்பிட்டிருக்க மாட்டேன்.

போன மாசம் அத்தை படுக்கையில விழுந்தாங்க. பாக்கப் போனேன். என் கையைப் புடிச்சுக்கிட்டு, நெய்டா, ராத்திரி உங்கம்மா கனவுல வந்தான்னாங்க. வந்து, இங்க எனக்குத் தெரிஞ்சவங்க யாருமில்ல, தனியாக் கெடக்கேன்னு சொன்னாளாம். ஒதீலியாவைக் கூப்பிட்டாங்க. என்னை எங்க மாமன்மாருங்ககூட வைக்காதீங்க, அந்தப் பொம்பளைக்குப் பக்கத்துல வைங்க, அவளுக்குத் துணையா இருக்கேன்னாங்க. உங்களுக்கே தெரியும், கனவுல வந்து கேட்டதை நாம மறுக்கிறதில்ல. ஒதீலியாவுக்கு மனசு இல்ல, இருந்தாலும் சரின்னுட்டா. எங்கம்மா செத்த நாளிலேருந்து என் கனவுல ஒருதடவை வந்ததில்லைங்க. முகம் காட்ட மாட்டேங்குறா. அத்தை கனவுல வந்தது யாருன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்.

அதனாலதான் அடக்கம் அங்க இல்ல, இங்க. என் குடிசைக்குப் பின்னால. சாயங்காலம் தூக்கிட்டு வருவாங்க. அவங்க மாமன்மாருங்க, அம்மா, செத்துப் பொறந்த ரெண்டு புள்ளைங்க, எல்லாரையும் அங்க விட்டுட்டு இங்க வந்து படுக்கப் போறாங்க.

சொல்லிடுறேன். நீங்க அங்க போனதும் மகனைக் கூப்பிடாதீங்க, அவனுக்கு முன்கோபம். ஒதீலியாவைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. என்ன கேட்டாலும் கொடுக்கிறேன்னு சொல்லுங்க, பேரம் பேசாதீங்க. எழுந்து போன்னா போயிடுறேன். லைனை நேரா மாத்துனா என் அடுப்பு மேல வரும், வரட்டும், கம்பெனியில நானே போய்ச் சொல்றேன். மூட்டையில என்ன இருந்துச்சுன்னு கேப்பா. ஆட்டெலும்புங்க. எல்லைக் காட்டுப்பாதையில துப்பாக்கிக்காரங்க திருப்பி விரட்டிட்டாங்க. வெறுங்கையோட வந்தா இன்னொரு தடவை சிரிப்பாங்களேன்னு எல்லைக்கு இந்தப் பக்கம் மைக்காவோ டவுன்ல கசாப்புக் கடைக்குப் பின்னால பொறுக்குனேன். போயிருந்தாலும் கெடைச்சிருக்காது. எங்கம்மா செத்தப்ப நான் ஒரு வீட்டுல துணி துவைச்சுக்கிட்டிருந்தேன், லீவு கேக்கப் பயந்துக்கிட்டுப் போகல. எந்தக் குழியில போட்டாங்கன்னே எனக்குத் தெரியாது.

இந்தக் கல்லறைக்குள்ள யாருமில்லைங்க, அவங்க துணை இருக்க. எழுந்திரிங்க ஐயா, பின்னால சிமென்ட் கொழைக்க ஆரம்பிச்சுட்டாங்க.